பதினெட்டு மில்லி விநாடி

இடது கை எப்போதும் ஒரு மயிரிழை தாமதமாக வந்து சேரும் என் மச்சான் தாமுவுக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. நம் கடைசிப் பாட்டு, முடிய இன்னும் பதினாறு தட்டு இருக்கையில் நின்றுவிட்டது. உன் ட்ரம் மெஷின் இப்போது காட்டுப்பாக்கத்தில், எங்கள் சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

இதை எழுதும்போது பக்கத்திலிருக்கும் டீ கிளாஸ் விரலைச் சுடுகிறது. சுடுவது தெரிகிறது என்பதே நல்ல செய்தி என்று சென்ற வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

செல்விதான் போன சனிக்கிழமை மெஷினைத் துணிப்பையில் போட்டு, அம்பத்தூரிலிருந்து பஸ் மாறி எடுத்துவந்தாள். "நீங்களே வெச்சுக்கங்கண்ணா. ஊட்ல இருந்தா நான் அதையே பாத்துகினு கீறேன்" என்றாள். உன் மனைவி என்னிடம் கேட்ட முதல் உதவி அது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை உன்னோடு சேர்ந்து படிக்கிற மற்றவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீ அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் பிரஸ் ஆபரேட்டர். நான் ரகு, அதே எஸ்டேட்டில் ஓர் ஐடி அலுவலகத்தில் மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுபவன். யாரும் படிக்காததால் என் வேலையில் இதுவரை பிழை கண்டுபிடிக்கப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இருவரும் எலக்ட்ரானிக் இசை செய்தோம். நம் பாட்டுகளில் நெஞ்சில் இடிக்கும் அந்தக் கனத்த 'கிக்' அடி, உன் கம்பெனி பிரஸ் தகட்டின்மேல் இறங்குகிற சத்தம். நீ செல்போனில் பதிவு செய்து வந்தாய்.

பீட் போட எதை வாங்குவது என்று நாம் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? நான் பத்தொன்பது பத்திகள் கொண்ட ஓர் ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தேன். சாப்ட்வேர் என்றால் ஆயிரம் வகை ட்ரம் உள்ளே இருக்கும், தப்பாகப் போட்டதை அழிக்கலாம், இடம் அடைக்காது. நீ அட்டவணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திருவேற்காட்டில் யாரோ விற்பதாகச் சொன்ன பழைய ட்ரம் மெஷினைப் பார்க்கப் போனாய். பெட்டிமேல் விரலால் தட்டப் பதினாறு ரப்பர் பேட். நான்கு தட்டுத் தட்டினாய். முடிவாகிவிட்டது.

"அடிச்சா திருப்பி ஒதைக்கணும் மாமே. உன் லேப்டாப் இன்னா பண்ணுது? தடவிக் குடுக்கச் சொல்லுது."

"அதுல தப்பு வந்தா சரி பண்ணலாம் தாமு."

"தப்பு பண்றதுக்கே அதுல கை இல்ல, அப்புறம் இன்னாத்த சரி பண்ணுவே?"

கடைசியில் இரண்டுமே இருக்கட்டும் என்று சமாதானமானோம். நீ மெஷினில் தட்டுவாய். கேபிள் வழியாக அது என் லேப்டாப்புக்கு வரும். ஒவ்வொரு தட்டும் எப்போது விழுந்தது, எவ்வளவு அழுத்தமாக விழுந்தது என்பதை சாப்ட்வேர் எழுதிவைத்துக்கொள்ளும். அந்த ஏற்பாட்டை நினைத்து நான் பெருமைப்பட்டேன். இப்போது அதையே நினைத்துத் தூக்கம் வருவதில்லை.

பிறகு வந்தது அந்த ஆயுத பூஜை. உன் வீட்டில் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, பைக், கூடவே ட்ரம் மெஷின். நீ பெட்டியின் மூலையில் ஒரு பொட்டு வைத்து முடித்திருப்பாய். நான்தான் எதையும் முறையாகச் செய்கிறவன் ஆயிற்றே. பதினாறு பேடுக்கும் தனித்தனியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். சந்தனத்தில் தண்ணீர் கூடிவிட்டது. இடது ஓரத்தில், நீ இடது கையால் 'ஸ்னேர்' என்கிற சுளீர் அடியைத் தட்டுகிற பேடின் இடுக்கில் அது மெதுவாக இறங்கியதை நாம் இருவருமே பார்த்துக்கொண்டு நின்றோம். சாமி காரியம், துடைக்கவா முடியும்?

அடுத்த ஞாயிறு அந்தப் பேடின் தட்டு மெலிந்து வந்தது. அதற்கடுத்த ஞாயிறு தாமதமாகவும் வந்தது. "சாமி உன் கையால சந்தனம் வாங்கிகினு என் பேட எடுத்துகினு பூட்ச்சு" என்றாய். இரண்டு வருடம் நான்தான் குற்றவாளி. தெருவில் புதிதாக யார் வந்தாலும், "மச்சான் எங்க ஊட்டு மெசினுக்கு அபிஷேகம் பண்ணவரு" என்று அறிமுகம் செய்வாய்.

தாமதம் எவ்வளவு என்று அளந்தேன். அளப்பதுதானே எனக்குத் தெரிந்த ஒரே அன்பு. பதினெட்டு மில்லி விநாடி. திரையில் ஸ்னேர் விழ வேண்டிய கோட்டுக்கு ஒரு துளி வலது பக்கம். இழுத்துக் கோட்டில் வைக்கப் போனவன், கேட்டுவிட்டு நிறுத்தினேன். பாட்டு சாய்ந்து உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டதுபோல இருந்தது. உலகம் முழுக்க ஆட்கள் அந்த இழுப்புக்காக என்னென்னவோ வாங்கித் திருகிக்கொண்டிருக்கிறார்கள்; நமக்கு அது சந்தனத்தில் கிடைத்துவிட்டது.

"இப்பதான் தாமு உன் அடி மனுஷன் அடிச்ச மாதிரி இருக்கு. மாத்தாத."

நீ சிரித்தாய். கையை ஒருமுறை உதறிக்கொண்டாய். அதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அந்தத் தாமதத்தை சாப்ட்வேரில் ஒரு செட்டிங்காகச் சேமித்து, அதற்குத் 'தாமு' என்று பெயர் வைத்து, இணையத்தில் நம் பீட் குழுவுக்கும் கொடுத்தேன். எல்லோரும் இதயம் போட்டார்கள்.

செல்வி வந்த மறு திங்கட்கிழமை மெஷினை பாஸ்கரிடம் எடுத்துப்போனேன். எஸ்டேட்டில் மெஷின்களின் போர்டு ரிப்பேர் பார்க்கிறவர். கடைசிப் பாட்டை முடிக்குமுன் என் பாவத்தைக் கழுவிவிடலாம் என்று எண்ணம்.

"சந்தனமா? ஆயுத பூஜ முடிஞ்சா எனக்கு சீசன் அண்ணாத்தே" என்றபடி திறந்தார். ரப்பரைத் தூக்கினார். சந்தனம் வெளி விளிம்பிலேயே காய்ந்து நின்றிருந்தது. மீட்டரை வைத்துப் பதினாறு பேடையும் பார்த்தார்.

"இதுல ஒண்ணியும் ஆவல. எல்லாம் ஒரே மாரி கீது."

"இது மட்டும் லேட்டா வருமே?"

"மெசின் லேட்டா வராது. அடிச்சவரு லேட்டா வந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நான் தட்டிப் பார்த்தேன், தாமு. வலது கையால், இடது கையால். ஸ்னேர் அதே நொடியில், அதே பலத்தில் விழுந்தது. நான் எழுதும் ஒவ்வொரு கையேட்டிலும் 'கோளாறு இருந்தால்' என்றொரு பக்கம் உண்டு. அதன் முதல் வரி இது: ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை, "கைய மாத்தி அடி தாமு" என்று சொல்லியிருந்தால் போதும். என் கையேட்டை யாரும் படிப்பதில்லை என்று சொன்னேனே, அந்தக் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்.

நேராக உன் வீட்டுக்குப் போனேன். செல்வி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உன் கையில் உணர்ச்சி குறைந்திருந்ததா என்று கேட்டேன்.

"ஆமாண்ணா. மொதல்ல காலு. செருப்பு கழண்டது தெரியாம ஸ்டேசன்லேர்ந்து நடந்தே வந்துடுவாரு, நீங்ககூட கிண்டல் பண்ணுவீங்களே. அப்புறம் கை. டீ கிளாஸ் சுடுதான்னே தெரியாது. பெரியாஸ்பத்திரில அன்னிக்கித்தான் சொன்னாங்க, ரொம்ப நாளா சுகர் இருந்திருக்குன்னு. அதனாலதான் நெஞ்சு வலிகூட தெரியலியாம்."

உயிர் போன அன்று நீ சொன்னது, "வேர்க்குது, ஃபேன ஏத்து" என்பது மட்டும்தான் என்று அவள் முன்பே சொல்லியிருக்கிறாள்.

"கை மரத்துப்போவுதுன்னப்ப டாக்டராண்ட போவலையா?" என்றேன்.

அவள் தலை நிமிராமல்தான் பதில் சொன்னாள். என்னைக் குற்றம் சொல்கிற குரல் இல்லை. மார்க்கெட் விவரம் சொல்வதுபோல. "நான் கூப்ட்டேண்ணா. 'அண்ணனாண்ட சொன்னியா'ன்னு கேட்டேன். 'ரகு இப்பதான் அடி நல்லா வருதுன்றான். மாத்த வேணாம்ன்றான். இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்'னாரு."

கீரை முழுவதையும் நானே ஆய்ந்து கொடுத்துவிட்டு வந்தேன். தண்டையும் இலையையும் ஒன்றாகப் போட்டிருந்தேனாம்.

உனக்குத் தெரியுமா, தாமு? சந்தனம் இல்லை என்று தெரிந்துதான் என்னை இரண்டு வருடம் அபிஷேகக்காரன் ஆக்கினாயா? அல்லது நீயும் அதை நம்பினாயா? உன் நோயின் முழு வரலாறும், நாள் வாரியாக, தட்டு வாரியாக, என் லேப்டாப்பில் இருக்கிறது. எந்த டாக்டரிடமும் இவ்வளவு துல்லியமாக இருக்காது. நான் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு செய்தி. நம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் சென்ற வியாழன் ஒரு பீட் அனுப்பினார். ஸ்னேர் பின்தங்கி விழுந்தது. எல்லோரும் இதயம் போட்டார்கள். நான் போன் செய்து, "உங்க இடது கை நல்லா இருக்கா?" என்று கேட்டேன். அவர், "நான் கையால அடிக்கலீங்களே. 'தாமு'ன்னு ஒரு செட்டிங் இருக்குல்ல, அதுதான்" என்றார். உன் மரத்துப்போன விரல்கள், முகம் தெரியாத நல்ல கைகளிலெல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அன்று வீட்டுக்கு வந்து 'தாமு'வை அழிக்கப் போனேன். 'நிச்சயமாக அழிக்க வேண்டுமா?' என்று சாப்ட்வேர் கேட்டது. இந்த மாதிரிக் கேள்விகளை எழுதுவது என் தொழில். எதையும் அழுத்தாமல் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டேன்.

கடைசிப் பாட்டுக்கு வருகிறேன். மிச்சம் இருந்த பதினாறு தட்டை 'தாமு'வில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நேற்று உன் மெஷினை இழுத்து வைத்துக்கொண்டு என் கையாலேயே தட்டினேன். செல்வி வந்திருந்தாள். ஹெட்போனில் முழுவதும் கேட்டாள். கடைசிப் பகுதி வந்ததும் நிமிர்ந்தாள்.

"இது அவரு அடிச்சது இல்ல."

"எப்படித் தெரியுது?"

"சீக்கிரம் வந்துடுது."

திரையைப் பார்த்தேன். எனக்குப் பயத்தில் கை முந்தியிருக்கிறது. கோட்டில் இழுத்து வைக்கவில்லை. உன்னுடையது பிந்தியே இருக்கட்டும், என்னுடையது முந்தியே இருக்கட்டும். பாட்டு முடிந்துவிட்டது, தாமு.

மெஷின் நல்லதா, சாப்ட்வேர் நல்லதா என்று என்னிடம் இன்னமும் கேட்கிறார்கள். பத்தொன்பது பத்தி அட்டவணை இன்னும் இருக்கிறது, அனுப்புவதில்லை. எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் கூட வாசிக்கிறவன் கை ஒருநாள் மாறி விழுந்தால் ரசிக்குமுன் அவனிடம் கேளுங்கள் என்கிறேன். இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதியதும் அதற்காகத்தான்.

உனக்கு ஒரு வாக்கு. இனி யார் தாளத்தில் பின்தங்கினாலும் முதலில் அவன் கையைத் தொட்டு, தொடுவது தெரிகிறதா, சூடு உறைக்கிறதா என்று கேட்பேன். பாட்டு நன்றாக இருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் சொல்வேன்.

செல்விக்கு அண்ணன்,
அந்த முறையில் உனக்கு என்றும் மச்சான்,
ரகு