பின்கதவு டயரின் பூட்டு நட்டு

ஜூலை 6, ஞாயிறு

மகள் ஷர்மினி கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம். பத்திரிகை வைக்க ஊர் ஊராக அலையவேண்டுமே என்று ஜீப்பைப் பார்த்தேன். பின்கதவில் தொங்கும் ஸ்பேர் டயரின் பூட்டு நட்டு துருவேறிக் கிடக்கிறது. அதற்கான சாவியைப் போட்டால் வழுக்குகிறது. மற்ற சக்கரங்களின் நட்டெல்லாம் பளபளவென்று இருக்க, இது மட்டும் எப்படி? டயரை இரும்பு உறை மூடியிருக்கிறது. நட்டைக் கழற்றாமல் உள்ளே இருப்பது என் டயர்தானா என்று பார்க்க முடியாது. போன வருடம் வாங்கிய புது டயர்.

தைப்பூசத்துக்கு ஜீப்பை இரவல் வாங்கியவன் ஒருவன்தான். மச்சினன் ஜெயபாலன்.

ஜூலை 7

எண்ணெய் விட்டும் அசையவில்லை. ஜெயபாலன் லாரி ஓட்டுகிறவன்; டயர் மாற்ற அவனுக்குச் சொல்லியா தரவேண்டும்? புதுசை உருவிக்கொண்டு, நான் திறக்காதபடி நட்டையும் கெடுத்திருப்பான். ஜீப்பைக் கழுவி வேறு கொண்டுவந்து விட்டானே — எதற்கு?

ஜூலை 9

ஜெயபாலனிடம் போனில் கேட்டுவிட்டேன்.

"டீசல் ஊத்துனேன், கழுவுனேன், கொண்டாந்து விட்டேன். நான் டயரு திருடுவேனா லா, மச்சான்?"

"நீயாத்தான் திருட்டுங்கற."

போனை வைத்துவிட்டான். தப்பில்லை என்றால் ஏன் இத்தனை கோபம்?

என் மனைவி பிரமிளா அழுதாள். "தாய்மாமன் இல்லாம எம்மவள எப்படி மேடையில ஏத்துவேன்?" அவளுக்கு இருப்பது இந்த ஒரே தம்பி.

ஜூலை 10

பிரமிளா என்னோடு பேசவில்லை. இவளுக்கும் தெரியுமோ?

ஜூலை 12, சனி

லகாட் ஊரில் மெக்கானிக் சன்னாசியின் ஒர்க்‌ஷாப். அளவு சிறிய சாக்கெட் ஒன்றை நட்டின் மேல் சுத்தியலால் அடித்து இறக்கி, நீளக் கம்பி போட்டு முறுக்கினார். மூன்றாவது முறை கிறீச்சென்று கழன்றது.

என் டயர்தான். புது ரப்பரின் முள்கூட உதிரவில்லை. சக்கரத்தின் குழியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று, ஈரமாக.

"கல்லுப்புண்ணே," என்றார் சன்னாசி. "மழத்தண்ணி பட்டுக் கரைஞ்சு நட்டுல எறங்கியிருக்கு. துருப்பிடிக்காம என்ன செய்யும்?"

வீட்டுக்குக் கொண்டுவந்த முடிச்சைப் பார்த்ததும் பிரமிளா தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஜீப்பு மேல யாரு கண்ணு படுமோன்னு நீங்கதானே பொலம்புனீங்க! டயரு மாட்டுனப்ப நான்தான் கடைக்காரன்ட்ட குடுத்து வைக்கச் சொன்னேன். சுத்தமா மறந்துட்டேன்."

எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. தாம்பூலத் தட்டோடு பீடோரில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனோம். ஜெயபாலன் மனைவி கேட்டைத் திறக்கவில்லை. "அவரு இல்லண்ணே," என்றாள், தரையைப் பார்த்தபடி. லாரி வாசலில் நின்றது. வெயிலில் அரைமணி நேரம் நின்றோம். பிரமிளா தட்டைக் கீழே வைக்கவே இல்லை. உள்ளே யாரோ இருமினார்கள். அது ஜெயபாலன்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.