எந்தப் பாட்டு என்று உன் வாயால் சொல்

ஆவடி
ஜூலை 20, ஞாயிறு

அன்பு மகள் எழிலுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. ஆனாலும் ஃபேக்டரிக்குச் சைக்கிளில்தான் போவேன் என்கிற அடம் குறையவில்லை. புனேயில் விடாமல் மழை பெய்கிறதாமே, ஈரத் தலையோடு ஆபீசுக்கு ஓடாதே.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

ரிசப்ஷனில் நீயும் மாப்பிள்ளை ரோஹித்தும் ஆடப்போகிற ஜோடி டான்ஸுக்கு எந்தப் பாட்டு என்பதுதான் மூன்று வாரமாக இந்த வீட்டில் பேச்சு. முதலில் எனக்கு இந்த டான்ஸே பிடிக்கவில்லை. எங்கள் கல்யாணத்தில் உன் அப்பா என் கையைப் பிடித்ததே அக்னியைச் சுற்றும்போதுதான், அதுவும் சுண்டுவிரலை மட்டும். அப்புறம் அடுத்த பிளாக் கண்ணம்மா தன் மகள் ஆடின வீடியோவைக் காட்டினாள். அந்தப் பெண் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் என் மகளும் இப்படி ஆடட்டும் என்று எனக்கே ஆசை வந்துவிட்டது.

உடனே எனக்கு ஞாபகம் வந்தது நம் தவில் பாட்டுதான். நீ நாலாவது படிக்கும்போது குவாட்டர்ஸ் பொங்கல் விழாவில் ஆடினாயே, தவில் அடியோடு ஆரம்பிக்குமே, அது. பாதியில் கரண்ட் போய்ப் பாட்டு நின்றுவிட்டது. அப்பா முன்வரிசையில் உட்கார்ந்தபடியே நாற்காலிக் கையைத் தட்டித் தாளம் போட்டார், நீ மீதியையும் ஆடி முடித்துவிட்டுத்தான் இறங்கினாய். வியாழக்கிழமை அந்தப் பாட்டைத் தேடிப்பிடித்து உனக்கு அனுப்பினேன். உனக்கு மட்டும், குரூப்பில் இல்லை.

பத்து நிமிஷத்தில் மாப்பிள்ளை போன் செய்தார். அந்தப் பாட்டு கொஞ்சம் லோக்கலா இருக்கு அத்தை, நமக்கு செட் ஆகாது, நான் ஒண்ணு வெச்சிருக்கேன் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எழில் கேட்டாளா என்றேன். அவ மீட்டிங்ல இருக்கா, இன்னும் பார்க்கல என்றார்.

நீ இன்னும் பார்க்காததை அவர் எப்படிப் பார்த்தார் என்று ராத்திரி உன்னிடம் கேட்டேன். என் வாட்ஸ்அப் அவர் லேப்டாப்பிலும் ஓடுதும்மா, அவருக்கு என்கிட்ட மறைக்க ஒண்ணும் இல்ல, எனக்கும் அப்படித்தான் என்று சிரித்தாய். உன் அப்பாவோடு முப்பது வருஷம் குடித்தனம் பண்ணுகிறேன், அவருக்கு வருகிற கடிதத்தை நான் பிரித்ததில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை.

அவர் வைத்திருப்பது ஒரு பியானோ பாட்டு. கேட்கும்போதே எனக்கு ரெண்டு தடவை தூக்கம் வந்தது. ரிசப்ஷனுக்கு வைன் கலர் கவுன் என்பதும் அவர் முடிவுதான். அந்த நிறத்தைக் கண்டாலே பீட்ரூட் என்று முகத்தைச் சுளிப்பவள் நீ. கேட்டால், அவருக்கு எது பிடிக்குதோ அதுவேம்மா என்கிறாய். பாட்டு மாற்றச் சொல்லி டிவி ரிமோட்டுக்காக அப்பாவின் கையைக் கடித்த பெண்ணா இப்படிப் பேசுவது?

உனக்கு எது பிடிக்கும் என்று ஒரு வரி எழுது, போதும். இந்தக் கடிதம் நமக்குள் இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா தாட்சாயிணி


ஆவடி
ஆகஸ்ட் 1, வெள்ளி

அன்பு எழிலுக்கு,

இதை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். நமக்குள் இருக்கட்டும் என்று எழுதின கடிதத்தை நீ போட்டோ பிடித்து, எங்கம்மா எனக்கு லெட்டர் போட்டிருக்காங்க என்று மாப்பிள்ளைக்கே அனுப்பியிருக்கிறாய். ஆசையில் செய்தாய், தெரியும். ஆனாலும் வருத்தம்தான்.

போன ஞாயிறு அவர் நம் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். என்கிட்டயே நேரா கேட்டிருக்கலாமே அத்தை, வைன் கலர் எழிலுக்கே பிடிச்சதுதான் என்றார். சிரித்துக்கொண்டே, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். உன் அப்பாவுக்கு ஒரே பெருமை, இந்தக் காலத்தில் எந்த மாப்பிள்ளை டம்ளர் கழுவுகிறான் என்று. நான் அன்று முழுக்க அந்த டம்ளரைத் தொடவில்லை.

புதன்கிழமை அவருக்கு முதல் டான்ஸ் கிளாஸ். சென்னீர்குப்பத்தில் டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. சொல்லித்தருகிற பெண் பேர் சிம்ரன். பேரைக் கேட்டு வடக்கத்திப் பெண் என்று நினைத்தேன், பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவளாம். நீ வரும்வரை அவர் சிம்ரனோடு ஆடிப் பழகட்டும், உனக்கு வீடியோவில் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஏற்பாடு. எனக்கும் வேடிக்கை பார்க்க ஆசை, போய் ஓரமாக உட்கார்ந்தேன்.

எனக்கு ஆடவே வராது, இதுவரைக்கும் ஆடினதில்ல என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். பியானோ பாட்டைப் போட்டார்கள். சிம்ரன் எட்டு எண்ணி முடிப்பதற்குள் அவர் பக்கவாட்டில் திரும்பினார், கையை நீட்டினார், அவளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அவள் இன்னும் சொல்லியே தராத அடி. இன்னா சார், எல்லாம் தெரிஞ்சிகினே கத்துக்க வந்துகீறீங்க என்றாள். யூடியூபில் பார்த்தேன் என்றார்.

யூடியூபில் பார்த்தால் அடி வரும், சரி. கை எப்படிப் பழகும்? சுற்றி வந்தவளின் தோளில் கை வைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. சிம்ரன் உன் உயரம் இருப்பாள். அவர் கை தோளுக்குப் போகாமல் முழங்கைக்கு மேலே வந்து நின்றது. மேல சார் என்றாள், சரி என்றார், அடுத்த தடவையும் அங்கேதான் இறங்கியது. மூன்று தடவை பார்த்தேன். குள்ளமான ஒருத்தியோடு ஆடிப் பழகின கை அது.

கடைசிச் சுற்றை மாற்றலாமா என்று சிம்ரன் கேட்டாள். இது இப்படித்தான் என்றார். குரல் உயரவில்லை. ஆனால் அதுவரை இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை. அவர் போனபிறகு சிம்ரன் தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்தாள். தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி, வலிக்குது, உடு சார்னேன், பாட்டு முடியட்டும்னாரு என்றாள். விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். மாப்பிள்ளையிடம் குறை தேடுகிறாய் என்று சிரிக்கிறார். இருக்கலாம். இந்த வரனை மேட்ரிமோனியில் பார்த்து, போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டி, உன்னைச் சம்மதிக்க வைத்தவளே நான்தான். அதனால்தான் இதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் குரலைக் கேட்டு எட்டு நாள் ஆகிறது. மெசேஜ் மட்டும் வருகிறது. வேலை அதிகம் என்கிறது. ஒரு தடவை பேசு.

அம்மா


ஆவடி
ஆகஸ்ட் 6, புதன்

என் கண்ணு எழிலுக்கு,

இதைப் போட்டோ பிடிக்காதே. போனை எட்டத் தள்ளி வைத்துவிட்டுப் படி.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சனிக்கிழமை உன்னிடமிருந்து மெசேஜ் வந்தது. பியானோ பாட்டே இருக்கட்டும்மா, இனிமேல் லெட்டர் எல்லாம் வேண்டாம் என்று. சரி, பெண் முடிவு செய்துவிட்டாள் என்று நானும் அடங்கினேன். ரிசப்ஷனுக்கு நாம் பேசியிருக்கிற சவுண்டு செட் பூபாலனிடம் மாப்பிள்ளையே நேராகப் பாட்டை அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை பூபாலன் போன் செய்தான். யக்கா, நம்ம பொண்ணு பேரு எழில்தானே என்றான். ஆமாம் என்றேன். இது வேற யாரோ கல்யாணத்துல புடிச்ச பாட்டுக்கா, உள்ளாறயே விசில் சத்தம் கீது, கடைசில மைக்ல ஒர்த்தன் ரோஹித் பவ்யா ஜோடிக்கு ஜோரா கை தட்டுங்கன்றான் என்றான். எனக்குக் கேட்கும்படி போட்டுக் காட்டினான். ரோஹித் என்ற பேர் தெளிவாக விழுந்தது. அடுத்து பவ்யா. இன்னொரு தடவை போடச் சொன்னேன், அதே பேர்தான்.

அந்த மைக் குரல் பூபாலனுக்குத் தெரிந்த ஆளுடையது. அவனிடம் விசாரித்து, பெண் வீடு குத்தம்பாக்கம் என்று சொன்னான். நேற்று கோயிலுக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பூந்தமல்லியில் பஸ் மாறிப் போனேன்.

பவ்யாவின் அம்மா பேர் பொன்னியம்மா. கதவைத் திறந்தவர் நான் யார் என்று சொன்னதும் உள்ளே கூப்பிடவில்லை, வாசலிலேயே நின்றார். என் போனில் இருந்த நிச்சயதார்த்தப் போட்டோவைக் காட்டினேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. உன் புடவையைப் பார்த்தார். இதுவும் வைன் கலரா என்றார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். உங்க பொண்ணு போன் இன்னும் அவ கையிலதான் இருக்கா?

கல்யாணமாகி விவாகரத்து ஆனது ஒரு குற்றமா, இல்லை. முன்பே சொல்லியிருந்தால் நாமும் யோசித்திருப்போம். நான் கேட்டது வேறு. அடித்தானா என்று கேட்டேன். அடிச்சிருந்தா சீக்கிரம் கண்டுபுடிச்சிருப்போமே என்றார். ஆறு மாசம் தினமும் சாப்பிட்டியா, தூங்கினியா என்று மகளுக்கு மெசேஜ் போட்டாராம். நல்லா இருக்கேன்மா, சந்தோஷமா இருக்கேன்மா என்று பதில் வருமாம். பதில் போட்டதெல்லாம் அவனாம். அவளுக்குப் போனே கையில் இல்லையாம். கடைசியில் அப்பாவும் அண்ணனும் கதவை இடித்துத்தான் கூட்டிவந்தார்களாம்.

அப்போது என் போன் அடித்தது. மணிச் சத்தத்துக்கே உள்ளே யாரோ ஓடுகிற சத்தம், கதவைத் தாழ்போடுகிற சத்தம். போகிற முதுகைப் பார்த்தேன். குள்ளமான பெண். சிம்ரனின் கையில் அவன் விரல் நின்ற இடம் அவளுக்குத் தோளாக இருந்திருக்கும்.

போன் செய்தது அவன்தான். எங்க இருக்கீங்க அத்தை என்றான். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், ரேஷன் கடையில் என்று. உங்க ரேஷன் கடை இன்னைக்குப் பூட்டியிருக்கே அத்தை என்றான். பிறகு, வெயில்ல அலையாதீங்க என்று வைத்துவிட்டான். பஸ்ஸில் வரும்போது முழு வழியும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பார், அவன் இவன் என்று எழுதிவிட்டேன். அதை அடித்துத் திருத்தவும் மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து உன் மெசேஜ்களை மேலிருந்து படித்தேன். சாப்பிட்டேன்மா. நல்லா இருக்கேன்மா. பியானோ பாட்டே இருக்கட்டும்மா. இதில் எது நீ, எது அவன் என்று எனக்குத் தெரியவில்லை. பெற்ற பெண்ணின் பேச்சு எது என்று எனக்கே தெரியவில்லையே எழில். அழுதேன். அப்பா வந்து என்ன என்று கேட்டார், எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. ஷூவைக் கூடக் கழற்றாமல் ரயில் டிக்கெட் போடக் கிளம்பினார்.

சனிக்கிழமை அவன் விமானத்தில் புனே வருகிறான், உன்னோடு சேர்ந்து ஆடிப் பார்க்க. உனக்குச் சொல்லாமல் வந்து நிற்கப் போகிறானாம், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என்னையும் கேட்டுக்கொண்டான். அதனால் அப்பா நாளைக்கே ரயில் ஏறுகிறார். வெள்ளிக்கிழமை காலை இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் கேட்டில் கொடுப்பவர் அவர்தான். வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். போன் செய்யமாட்டார்.

அவருக்கு உன்னிடம் இதையெல்லாம் கேட்கத் தெரியாது. பெண்ணிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று நேற்றிலிருந்து புலம்புகிறார். எந்தப் பாட்டு என்று மட்டும் கேளுங்கள், போதும் என்று சொல்லி அனுப்புகிறேன். அவர் முகத்தைப் பார்த்து நீ பதில் சொல்ல வேண்டும். பியானோ பாட்டு என்றால் அவர் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்துவிடுவார். கட்டாயப்படுத்தமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். நீ அப்படிச் சொன்னால் நான் அதைத் தாங்கிக்கொள்வேனா என்று கேட்காதே.

தவில் பாட்டு என்றால் ஹாஸ்டலுக்குப் போய்த் துணிமணி எடுக்காதே. போனை உன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டு. அடித்தால் அடிக்கட்டும். சாயங்காலம் வண்டிக்கு அப்பாவிடம் ரெண்டு டிக்கெட் இருக்கிறது. பத்திரிகை கொடுத்தவர்களுக்கும் மண்டபத்துக்கும் சொல்கிற வேலை என்னுடையது. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், பேசட்டும். எனக்கும் வாய் இருக்கிறது.

கரண்ட் போன அன்றைக்கு நீ பயந்து மேடையிலிருந்து இறங்கவில்லை. அப்பா தட்டினார், நீ ஆடினாய். இன்றைக்கும் அவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். டீ ஆறுவதற்குள் இறங்கி வா, கண்ணு. ஆடாவிட்டாலும் போகட்டும், எந்தப் பாட்டு என்று உன் வாயால் சொல்.

நீ நல்லபடியாக இருக்கவேண்டும்.

இங்கே ஸ்டேஷனில் காத்திருக்கும்
உன் அம்மா