உன் விமானம் ஏன் நின்றது

காலையில் என் மனைவி ஈரக் கம்பளிச் சட்டையை ஹீட்டர் மேல் காயப்போட்டாள். சூடேறிய கம்பளி வாடை வீடெங்கும் பரவியது. உன் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குமேல் காப்பி இறங்கவில்லை. செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டுக்கொள்.

எண்பதுகளின் நடுவில் நம் தேயிலைத் தோட்டத்துச் சின்ன துரை சீமைக்குத் திரும்பியபோது, தன் பழைய கம்ப்யூட்டரை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான உனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். டிவியில் மாட்டினால் திரையில் விமானம் ஓட்டி விளையாடலாம். மேலே வானம்; கீழே வேகம், உயரம், திசை காட்டும் முள் வட்டங்கள். அன்றிலிருந்து உனக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரே ஒரு தடவ ஒழுங்கா எறக்கிட்டா போதும்லா" என்பாய். எங்கே இறக்குவது? அரைமணி நேரத்தில் முள்ளெல்லாம் அப்படியே நின்றுவிடும். எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசையாது. உடனே எனக்கு ஆள் அனுப்புவாய். ஃபேக்டரி வயர்மேன் நான். உனக்குக் கூட்டாளி வேறு.

பிளக்கை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், மூடியைத் திறந்து தூசி தட்டினேன். ஃபேக்டரியில் தேயிலை உருட்டும் மிஷின் ஓடினால் வீடுகளில் கரண்ட் இறங்கும். அதுதான் கோளாறு என்று நினைத்து, மிஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓட்டச் சொன்னேன். அன்றும் நின்றது. "நீ தொறந்ததுக்கு அப்புறந்தான்டா இன்னும் மோசமாப் போச்சு!" என்று மேசையைக் குத்திவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

போகட்டும் சனியன் என்று எழுந்தபோது என் கை கம்ப்யூட்டரின் கம்பளி உறைமேல் பட்டது. நம் மலையில் எந்த வீட்டில்தான் ரேடியோவுக்குக் கம்பளி உறை இல்லை? மூடுபனி உள்ளே புகுந்து பூஞ்சை பிடித்துவிடும் என்ற பயம். உன் மனைவி கம்ப்யூட்டருக்கும் ஒன்று பின்னியிருந்தாள், பட்டன்களுக்கு மட்டும் இடம் விட்டு. நான் மூடியைப் பூட்டியதும் நீ செய்யும் முதல் வேலை அதைப் போர்த்துவதுதான். உறைக்குள் கையை விட்டேன். இஸ்திரிப்பெட்டி மாதிரி கொதித்தது. சூடு வெளியேறும் ஓட்டைகள் அத்தனையும் கம்பளிக்குள். அட மடையா!

சொல்லத்தான் உன் பின்னாலேயே ரிங்லெட் டவுனுக்கு வந்தேன். காப்பிக்கடையில் நீ என் மைத்துனனையும் இன்னும் நாலு பேரையும் வைத்துக்கொண்டு, "கம்ப்யூட்டருக்குள்ள இருந்த சாமான அவந்தான் கழட்டி வித்துட்டான்லா" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. வீடு திரும்பும் வழியில் மைத்துனன், "இருந்தா குடுத்துருங்க மச்சான்" என்றான். பாவி, என் சொந்தத்தையே நம்பவைத்தாயே!

அப்போதே வாயை மூடிக்கொண்டேன். அதன்பின் ஒரு பல்பு எரியாவிட்டாலும் பிரிஞ்சாங் டவுனிலிருந்து வேறு ஆள் வந்தான். நான் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் டார்ச் லைட்டை எடுத்து உள்ளே வைத்தார்கள். உன் வீட்டைத் தாண்டும்போது நீ டிவியைப் பார்த்துக் கத்துவது கேட்கும். நல்லா வேணும் உனக்கு என்று சொல்லிக்கொண்டே போவேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு ஒருநாள் நெஞ்சுவலி என்று தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வழியிலேயே போய்ச் சேர்ந்தாய். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கக்கூட உனக்கு நேரமில்லை.

உன் கருமாதிக்கு நான் அழ வரவில்லை. சாப்பாடு முடிந்து எல்லாரும் இருக்கும்போதே உறையை உருவிப் போட்டுவிட்டு அந்தச் சனியனை ஓடவிட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. முள்ளெல்லாம் ஆடிக்கொண்டே இருந்தன. "பாத்துக்குங்க! இந்தப் போர்வைதான்! நான் ஒன்னையும் எடுக்கல!" என்று கத்தினேன். மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டான். போன பேர் திரும்பி வந்தது.

உன் மனைவி கீழே கிடந்த உறையை எடுத்து மடித்தாள்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்ணே?"

"அன்னைக்கே தெரியும் தங்கச்சி." வீம்பாகத்தான் சொன்னேன்.

"சொல்லியிருந்தா ஒரு தடவையாச்சும் எறக்கியிருப்பாரே."

நீ சொன்னதை ஊர் என்றைக்கோ மறந்துவிட்டது. உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் அவள் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பி நடப்பவன் நான்தான்.