பனமரத்துப்பட்டி ஏரியில உங்கம்மா

ஆட்டையாம்பட்டி,
வியாழக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் யுவஸ்ரீக்கு அப்பா எழுதறது. இங்க நானும் அம்மாவும் மாடு ரெண்டும் சுகம். அங்க ஜெர்மனியில உனக்குப் பனி ஒத்துக்கிச்சா, வேளைக்குச் சாப்பிடறயா, காதை மூடிக்கிட்டு வெளிய போறயான்னு தெரிஞ்சுக்க ஆசை. தினம் போன்ல பேசறப்பக் கடுதாசி என்னத்துக்குன்னு கேப்பே. போனை எடுத்தா உங்கம்மா பக்கத்துலயே நின்னு என் வாயையே பாத்துக்கிட்டிருக்கறா சாமி. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு ஒரு சேதி இருக்குது, அதை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல. அவ கண்ணசந்திருக்கறா, அதுக்குள்ள எழுதி போட்டோ எடுத்து அனுப்பிடறேன். பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல, மொதல்லயே சொல்லிப்புட்டேன்.

நீ இங்க இருந்தப்ப நந்தகுமார், தமிழரசு, நயீம் மூணு பேரோட சேர்ந்து போவியே அந்தப் போட்டி, அது போன ஞாயித்துக்கிழமை நம்ம பக்கமே நடந்துச்சு. நீ போனப்பவெல்லாம் நான் போர் போடற ரிக் வண்டியோட சத்தீஸ்கர்ல கெடந்தேன், ஒருக்காக்கூட வந்து பாத்ததில்ல. அதனால இப்பத்தான் எனக்கே வெளங்குச்சு, நாலு பேர் ஒரு டீமு, அதுல ஒரு பொம்பளையாள் கட்டாயம், சைக்கிள் மிதிச்சு மலையேறி படகு தள்ளி பத்து மணி நேரத்துக்குள்ள நாலு பேரும் ஒண்ணாவே வந்து சேரணும்ங்கறது. உன்ற இடத்துக்கு எடுத்திருந்த பொண்ணு போட்டிக்குப் பத்து நாளைக்கு முந்தி மணிக்கட்டை ஒடிச்சுக்கிட்டாளாம். நந்தகுமார் உன்ற மிதவைச் சட்டையைத் திருப்பிக் குடுக்க ஊட்டுக்கு வந்தவன், இந்த வருஷம் அவ்வளவுதானுங்கம்மான்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னான். உங்கம்மா மோர் குடுத்துக்கிட்டே, ஏஞ்சாமி அந்தப் பொம்பளையாளுக்கு வயசு இத்தனைக்குள்ள இருக்கோணும்னு சட்டம் இருக்குதான்னு கேட்டா. அவன் வெகுளியா, பதினெட்டு ஆயிருந்தாப் போதும்ங்கன்னான். எனக்கு ஐம்பத்தொண்ணு ஆகுது, போதுமான்னா பாரு, அவனுக்கு மோர் பொரையேறிப் போச்சு.

நான் ஒத்துக்கல. ஊரே சிரிக்கும் கமலவேணி, உனக்கென்ன கிறுக்கான்னு சத்தம் போட்டேன். அவ திருப்பிச் சத்தம் போடல. நீங்க ரிக் ஏறிப் போறப்ப ஊரு என்ன சொல்லும்னு என்னையக் கேட்டுக்கிட்டா போனீங்கன்னு மட்டும் சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டா. இன்னொண்ணும் இருக்குது. நீ போன ஆறு மாசமா அவ சரியில்ல அம்மிணி. சொசைட்டிக்குச் சைக்கிள்ல பால் கேனைக் கட்டிக்கிட்டுப் போறதை நிறுத்திட்டா, பால்காரரையே ஊட்டுக்கு வரச் சொல்லிட்டா. பகல்ல படுத்தறியாதவ பகலெல்லாம் படுத்துக் கெடந்தா. உங்கிட்டப் போன்ல பேசறப்ப மட்டும் நல்லாப் பேசுவா, வெச்சதும் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துக்குவா. அப்படிப்பட்டவ மறுநா வெடியறதுக்கு முன்னால எந்திரிச்சு சைக்கிளைத் தொடைச்சுக்கிட்டிருந்தா, எப்படி வேண்டாம்னு சொல்றது. நயீம் அவன் கடையிலிருந்து கியர் சைக்கிள் கொண்டாந்து பழக்கி உட்டான். நீச்சல் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, உனக்கே கெணத்துல கத்துக் குடுத்தவதானே.

போட்டியன்னிக்கு உன்ற டிராக் பேண்ட்டையும் பனியனையும் போட்டுக்கிட்டு வெளிய வர வெக்கப்பட்டு கதவுக்குப் பின்னாலயே நின்னா. நல்லாத்தான் இருக்குது, வான்னு நாந்தான் கூட்டியாந்தேன். சைக்கிள் ஓட்டம் முப்பது கிலோமீட்டர், பதினோரு டீம்ல ஆறாவதா வந்தாங்க. எனக்கு ஆம்னி வேன்ல சாமானைப் போட்டுக்கிட்டு ஜருகுமலை அடிவாரத்துல காத்திருக்கற வேலை. தண்ணி, வாழைப்பழம், முறுக்கு எல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். சிரிச்சுக்கிட்டே ரெண்டு பழத்தைத் தின்னுட்டு மலையேறிப் போனா. மூணு மணி நேரத்துல எறங்கிடுவோம்னு நந்தகுமார் சொன்னான். மூணு ஆச்சு, நாலு ஆச்சு. மத்த டீமெல்லாம் ஒவ்வொண்ணா எறங்கி ஏரிக்குப் போவுது. கடைசியா வந்த பையன்கிட்ட, வயசான அம்மா ஒருத்தர் இருந்தாங்களே தம்பின்னு கேட்டேன். கீழ விழுந்துட்டாங்க, மேல உக்காந்திருக்காங்கன்னு சொல்லிட்டு ஓடிட்டான். நான் மேல ஏறப் போனேன், வெளியாள் போனா டீமை நிறுத்திடுவோம்னு போட்டிக்காரங்க தடுத்துட்டாங்க, அவங்க ஆளு ஒருத்தர் பின்னாலயே எறங்கி வர்றார்னு சொன்னாங்க. நான் வண்டிக்கும் மலைப்பாதைக்குமா நடந்துக்கிட்டே கெடந்தேன் சாமி.

அஞ்சு மணி நேரம் முடியறப்ப மரத்துக்கு நடுவால எங்க டீமோட ஆரஞ்சுச் சட்டை தெரிஞ்சுது. முன்னால தமிழரசு, அவன் இடுப்புலருந்து ஒரு இழுவைக் கயிறு, அந்தக் கயித்தோட மறு நுனி உங்கம்மா இடுப்புல. அவ பையை நயீம் நெஞ்சுப் பக்கமாப் போட்டிருந்தான். நந்தகுமார் பக்கத்துல நடந்து அவ கையைத் தோள்ல தாங்கிக்கிட்டான். எறக்கத்துல சரளைக்கல்லு வழுக்கி முட்டி மடங்கிருச்சாம். நீங்க போங்க, நான் மெதுவா எறங்கிக்கறேன்னு அரை மணி நேரம் அடம் பிடிச்சிருக்கறா. நயீம்தான், அம்மா, இதுல தனியா வர்றதுக்கு எடமே இல்லைங்க, நாங்க யாரையும் உட்டுட்டு வந்ததா யுவஸ்ரீக்குத் தெரிஞ்சா எங்களைத் தொலைச்சுப்புடுவாங்கன்னு சொல்லியிருக்கறான். அப்பத்தான் கயித்தைக் கட்டிக்க ஒத்துக்கிட்டாளாம், கட்டினதும் அழுதுட்டாளாம். அழுததை அவ சொல்லல, தமிழரசு சொன்னான்.

டாக்டர் ஒருத்தர் இருந்தார், முட்டியை அழுத்திப் பாத்துட்டு எலும்புல கோளாறு இல்லைன்னு துணி சுத்தி உட்டார். நான் வண்டிக் கதவைத் தெறந்து வெச்சு, போதும் புள்ள, ஊட்டுக்குப் போலாம்னேன். அவ என்னையப் பாக்காம நந்தகுமாரைப் பாத்து, படகுல காலுக்கு வேலை இருக்குதான்னு கேட்டா. கைக்குத்தானுங்கம்மான்னான். அப்பத் தூக்கி உடுன்னுட்டா. இந்த வருஷம் ஏரியில நல்ல தண்ணி, காத்தும் நல்ல காத்து. ரெண்டு ரெண்டு பேரா ரெண்டு படகு. கரையிலருந்து பாத்தா வெயில்ல கண்ணு கூசி எந்தப் படகு எதுன்னே தெரியல. நான் கரையோரமாவே அவங்க போற பக்கமெல்லாம் சேத்துல நடந்தேன். பத்து மணி நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்குது, உங்கம்மாவும் தமிழரசும் இருந்த படகு கரைக்குப் பத்தடியில வந்துருச்சு. எல்லாரும் வாங்க வாங்கன்னு கத்தறாங்க, நானும் கமலா வான்னு கத்தறேன். அவ துடுப்பைத் தண்ணிக்குள்ள ஊனிக்கிட்டு அசையாம உக்காந்திருக்கறா. பின்னால நயீமும் நந்தகுமாரும் காத்துல தள்ளிப் போய்க் கெடக்கறாங்க. அவங்க வந்து பக்கத்துல சேர்ற வரைக்கும் எங்க பக்கம் திரும்பவே இல்ல. நாலு பேரும் ஒண்ணாக் கரையத் தொட்டப்ப அஞ்சு நிமிஷம் மிச்சம். கடைசி எடந்தான். ஆனா பாத்துக்கிட்டிருந்த சனமெல்லாம் கைதட்டினது எங்க டீமுக்குத்தான்.

வண்டியில வாரப்ப, எத்தனை நேரம் அடிவாரத்துல நின்னீங்கன்னு கேட்டா. அஞ்சு மணி நேரம்னேன். நானு பதினேழு நாள் நின்னேனுங்கன்னா. நீ மூணாவது படிச்சப்ப, ரிக் வண்டியோட போன எடத்துல காட்டுக்குள்ள மழையில ரோடு அத்துப் போயி என்கிட்டயிருந்து பதினேழு நாள் ஒரு சேதியும் இல்லாமப் போச்சு. நான் திரும்பி வந்தப்ப அவ ஒரு வார்த்தை கேக்கல, குளிக்கத் தண்ணி காய வெச்சுக் குடுத்தா. நானும் அப்படியே உட்டுட்டேன். இத்தனை வருஷம் கழிச்சு மல்லூர் தாண்டறப்ப, தப்புதான் புள்ளன்னு சொன்னேன். சரி ரோட்டைப் பாத்து ஓட்டுங்கன்னுட்டா.

இப்ப மூணு வாரம் காலை ஊனக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கறார், சவ்வு லேசாக் கிழிஞ்சிருக்குதாம், தானாக் கூடிக்கும். பால் கறக்கறதும் சோறாக்கறதும் நாந்தான். ரசத்துல உப்பு இல்ல, மாட்டுத் தும்பை இறுக்கிக் கட்டாதீங்கன்னு கட்டில்லருந்தே அதட்டறா. கேக்கவே நல்லாருக்குது. நந்தகுமாரை நீ திட்டிப்புடாத, பையனுங்க மூணு பேரும் சாயங்காலமானா வந்து பாத்துட்டுத்தான் போறாங்க. அங்க ரோட்டுல பனி வழுக்கும்பாங்க, நீயும் பாத்து நட. அந்தக் கம்பளிச் சட்டையை ஆணியில மாட்டியே வெக்காத.

ஒண்ணு மட்டும் மறந்துடாத அம்மிணி. ஞாயித்துக்கிழமை வீடியோவுல அவ போர்வையை இடுப்பு வரைக்கும் இழுத்து மூடிக்கிட்டுத்தான் உக்காருவா. காலுக்கு என்னம்மான்னு நீயா கேளு. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினவ, நேத்து யாருமில்லைன்னு நெனைச்சு, யுவஸ்ரீ நான் என்ன பண்ணேன் தெரியுமான்னு தனியாச் சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தா. ஒண்ணுமே தெரியாத மாதிரி கடைசி வரைக்கும் கேட்டுக்கோ சாமி.

எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்பவும் உண்டு. நோய்நொடி இல்லாம நல்லா இரு.

இப்படிக்கு,
உங்கப்பன்
அருணகிரி