கூகைப்பாறையில் எழும் பேருருவம்

தண்குவட்டு நாட்டின் மணிமுடி தாங்கியவரும், ஆறு கோட்டைகளுக்கும் நான்கு கணவாய்களுக்கும் உரியவரும், குடிகளின் முறையீட்டைத் தம் செவியாலேயே கேட்கும் வழக்கம் உடையவருமான அரசியார் ஆர்கலித் தேவியார் திருமுன்புக்கு, நீதிமன்றத்து அமைச்சன் ஏரூர் வெண்கோடன் மேற்கு மலையிலிருந்து பணிந்து எழுதும் ஓலை. தலைநகராம் பூழிவாயிலில் கோயிலும் அங்காடியும் ஏரிகளும் குறைவின்றி இருக்க, தேவியாரின் கோல் கோடாது நிற்க வாழ்த்துகிறேன். இங்கே கணவாய் காவலில் உள்ளது; எல்லை அமைதியாக இருக்கிறது. அடியேன் எழுதப்போகும் செய்தி மட்டும் அமைதியானதன்று.

வரும் பங்குனி முழுநிலவு நாளில் கூகைப்பாறைக் காவலர் எழுவரைக் கொல்லுமாறு தேவியார் இட்ட ஆணையை என் முத்திரையைக் கொண்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்நாளுக்கு இன்னும் மூன்று நாட்களே உள்ளன. இவ்வோலை தங்களை அடைய ஆறு நாட்கள் ஆகும். ஆகையால் அனுமதி கேட்டுக் காத்திருக்க இயலவில்லை. ஆணையை மீறிய குற்றம் என்னுடையது. மீறியது ஏன் என்பதைக் கேட்டபின் எனக்குரிய தண்டனையை முடிவு செய்யுமாறு வேண்டுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே காவலிடத்தின் தலைவனாக இருந்த எயினன் பூதன் என்பவனைத் தேவியார் நினைவில் வைத்திருக்கக்கூடும். தை மாதத்து ஒரு காலையில் அவனும் அவன் துணைக்காவலன் வேட்டனும் பாறையை விட்டு ஓடினர். காவலற்ற கணவாய் வழியே அயலரசின் கொள்ளைப்படை புகுந்து நெல்லியூரில் பதினொரு வீடுகளை எரித்தது. அச்சத்தால் காவலை விட்டவனுக்கு ஓராண்டு மதில்வேலை என்பதும், பகைவரோடு கூடிக் காவலைத் திறந்தவனுக்கு உயிர் போகும் என்பதும் நம் நாட்டுச் சட்டம். இவ்விருவரும் எதனால் ஓடினர் என்பதே என்முன் இருந்த கேள்வி.

எதிரே மூடுபனியாகிய மஞ்சு நிறைந்த பள்ளத்திலிருந்து மலையளவு உயர்ந்த ஓர் உருவம் எழுந்து நின்றது என்று இருவரும் கூறினர். அதன் தலையைச் சுற்றிச் செம்மையும் பசுமையும் கலந்த ஒளிவளையம் இருந்தது என்றும் கூறினர். அதுவரை இருவர் சொல்லும் ஒன்றாகவே இருந்தது. ஒருவனை வெளியே நிறுத்தி மற்றவனைத் தனியே கேட்டேன். பூதன் சொன்னான்: "பக்கத்துல பக்கத்துல ரெண்டு உருவம் நின்னுச்சு ஐயா. எனக்கு எதிரா நின்னதுக்குத்தான் வளையம் இருந்துச்சு. வேட்டனுக்கு எதிரா நின்னது வெறும் கறுப்பு. என்னைத்தான் குறிவச்சு வந்துருக்குன்னு தெரிஞ்சுபோச்சு." அவனை அனுப்பிவிட்டு வேட்டனை அழைத்தேன். அவனோ, வளையம் தனக்கு எதிரே நின்றதற்கே இருந்தது, பூதனுடையதற்கு இல்லவே இல்லை என்று தன் பிள்ளைகள்மேல் ஆணையிட்டான்.

ஒரே இடத்தில் நின்று ஒரே பொருளைப் பார்த்தவர்கள் இப்படி முரண்பட்டால், சொல்லிவைத்துக்கொண்ட பொய்யைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்றே பொருள் கொண்டேன். பொய் உண்டெனில் மறைக்கத்தக்க வஞ்சகமும் உண்டு என்று முடிவு செய்தேன். தலைவன் சொல்லுக்கு உட்பட்டவன் என்பதால் வேட்டனுக்கு உயிர்ப்பிச்சை அளித்து, படையிலிருந்து நீக்கி நாட்டைவிட்டுத் துரத்தினேன். பூதனைக் கொல்லச் சொன்னேன். மலையடிவாரத்தில் அது நிறைவேறியபோது நான் உடனிருந்தேன். அவன் கொலைஞனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை; மேலே பாறை இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை இந்த இரண்டாண்டும் என்னை விட்டதில்லை. வழக்கு கேட்க அமரும்போதெல்லாம் எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் திரும்பிப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டாயிற்று. அதை இதுவரை ஒருவரிடமும் கூறியதில்லை.

இவ்வாண்டு மாசியில் மறுபடியும் அதுவே நிகழ்ந்தது. கொற்றன் என்னும் காவலன் மஞ்சில் எழுந்த உருவத்தின்மேல் வேலை ஓங்கிப் பாய்ந்தான். அதுவும் வேலை ஓங்கி அவன்மேல் பாய்ந்தது என்று கண்டவர் கூறினர். அவன் பள்ளத்தில் விழுந்து இறந்தான். எஞ்சிய எழுவரும் ஓடினர். அவர்களை விசாரித்த தண்டநாயகர் மழவனார், ஒவ்வொருவனும் வளையம் தனக்கெதிர் நின்ற உருவத்திற்கே இருந்தது என்று சொன்னதைக் கேட்டு, பூதன் வழக்கில் நான் கூறிய தீர்ப்பையே எடுத்துக்காட்டி மரணதண்டனை கோரினார். தேவியாரின் ஆணையை எழுதியதும் என் கையே.

அவ்வாணை புறப்பட்ட மறுநாள் பூதனின் மனைவி மருதி, மேற்கு மலையடிவாரத்து ஊரிலிருந்து நடந்து, தலைநகர் நீதிமன்ற வாயிலுக்கு வந்தாள். முன்பும் இருமுறை வந்தவள். இருமுறையும் காவலரைக்கொண்டு திருப்பி அனுப்பியிருந்தேன். இம்முறை அவள் அழவில்லை. "செத்தவரைக் கேக்க வரல ஐயா. அந்த ஏழு பேருக்காக வந்தேன். நீங்க ஒரு தடவை அந்தப் பாறையில நின்னு பாருங்க. பார்த்துட்டு வந்து பொய்யின்னு சொன்னா, அதுக்கப்புறம் நான் இந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்றாள். மூன்றாம் நாள் மேற்கு மலைக்குப் புறப்பட்டேன். தானும் வருவதாகச் சொன்னாள்; நான் மறுக்கவில்லை.

கூகைப்பாறை மேற்கு நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல்மேடை. அதன் கீழே பெரும் பள்ளம். முதற்காலை வானம் தெளிந்திருந்தது; பள்ளத்தில் மஞ்சு இல்லை; எதுவும் தோன்றவில்லை. இரண்டாங்காலை மஞ்சு நிறைந்திருந்தது; ஆனால் கதிரவனை மேகம் மறைத்திருந்தது; அன்றும் எதுவும் இல்லை. என் தீர்ப்பு சரியென்று நிறுவப்படுகிறது என்ற ஒரு சிறு மகிழ்ச்சி அப்போது என்னுள் எழுந்ததை மறைக்க மாட்டேன்.

மூன்றாங்காலை பள்ளம் விளிம்புவரை மஞ்சால் நிரம்பியிருக்க, எங்கள் முதுகுக்குப் பின்னே மலைமுகட்டைத் தாண்டிக் கதிரவன் எழுந்தான். அந்நொடியில் அது எதிரே நின்றது.

தேவியாரே, அறுபது வயது கண்டு, அரைநூறு போர்ச்செய்திகளும் கேட்டவன் அடியேன். என் கால்கள் என்னைக் கேளாமல் பின்வாங்கின. அடிமரம்போன்ற கால்களும் வானைத் தொடும் தலையுமாக ஒரு கரிய உருவம் மஞ்சுக்குள் நின்றது. நான் அசையாதிருக்கையில் அது அசைந்தது. நெருங்குவதுபோலவும் விலகுவதுபோலவும் தோன்றியது. அதன் தலையைச் சுற்றி உள்ளே நீலமும் வெளியே செம்மையுமாக ஒளிவளையம். முகம் இல்லை. முகம் இல்லாத ஒன்று என்னையே உற்றுநோக்குவதை நான் உணர்ந்தேன். நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையை உயர்த்தினேன். அதுவும் கையை உயர்த்தியது.

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மீண்டும் கையை உயர்த்தி இறக்கினேன், தலைப்பாகையைக் கழற்றினேன், அது ஒவ்வொன்றையும் செய்தது. பக்கத்தில் நின்ற மருதியிடம், அஞ்சாதே, அது நம் நிழல் என்றேன். அவளுக்கு எதிரே அவள் உருவமும் எழுந்திருந்தது. ஆனால் அதற்கு வளையம் இல்லை. அவள் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்க தலையைச் சுத்தி ஒண்ணும் இல்லையே ஐயா. எனக்குத்தானே இருக்கு."

பூதன் என்முன் சொன்னதும் வேட்டன் ஆணையிட்டதும் இதுவே. நான் நின்ற இடத்திலேயே அமர்ந்துவிட்டேன். அவளும் அமர்ந்தாள். எனக்கு முன்பே அவளுக்கு விளங்கிவிட்டிருந்தது. "அப்ப அவரு பொய் சொல்லலையா?" என்று கேட்டாள்.

சொல்லவில்லை என்றேன். இருவரும் சொல்லவில்லை என்றேன். மஞ்சு விலகி உருவங்கள் கலையும்வரை அங்கேயே இருந்தோம்.

இதன் இயல்பைப் பின்வந்த காலைகளில் ஆராய்ந்து அறிந்தவாறு கூறுகிறேன். மஞ்சு என்பது கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். தரையில் விழும் நிழல் ஒரு தளத்தில் படிந்து நின்றுவிடும். மஞ்சில் விழும் நிழலோ முன்துளி முதல் ஆழத்துத் துளிவரை ஊடுருவி நீள்கிறது. அதன் தொலைவை அளக்க அங்கே மரமோ பாறையோ இல்லாமையால், அருகிலுள்ளதைக் கண் தொலைவிலுள்ளதாகக் கொண்டு மலையளவாகப் பெருக்கிக்கொள்கிறது. துளிகள் காற்றில் நகர்வதால் நிழலும் நகர்வதாகத் தோன்றுகிறது. வளையத்தின் இயல்பு வேறு. துளிகளுட் புகுந்த ஒளியில் ஒரு பகுதி தான் வந்த வழியே திரும்புகிறது. அவ்வாறு திரும்பி ஒருவர் கண்ணை அடையும் ஒளி, கதிரவனையும் அவர் தலையையும் இணைக்கும் நேர்க்கோட்டைச் சுற்றியே வரக்கூடும். ஆகையால் வளையத்தின் நடுவில் எப்போதும் காண்பவரின் தலைநிழலே இருக்கும். ஆயிரம் பேர் நின்றால் ஆயிரம் வளையங்கள் உண்டு; ஒருவருக்கு உரியதை மற்றவர் காண இயலாது. அவ்வொளி நிறம் நிறமாகப் பிரிவது எவ்வாறு என்பதை மட்டும் அடியேன் இன்னும் அறியேன்.

தேவியார் இதை நம்புவதற்கு மலையேற வேண்டியதில்லை. காலையில் அரண்மனைத் தோட்டத்துப் பனிபடிந்த புல்லின்முன், கதிரவன் முதுகில் பட, தோழி ஒருத்தியோடு அருகருகே நிற்பீராக. தங்கள் தலைநிழலைச் சுற்றி ஒரு வெண்மை ஒளிரும். மஞ்சு வளையத்தோடு உறவுடைய அவ்வொளி யார் தலையில் உள்ளது என்று தோழியைக் கேட்பீராக. தங்கள்முன் பொய்சொல்ல அஞ்சுபவளாயின், தன் தலையில் என்றே சொல்வாள்.

இங்குள்ள பாசறையில் இருக்கும் தண்டநாயகர் மழவனார் எளிதில் இசையவில்லை. நிழலோ பேயோ, ஓடினவன் ஓடினவனே என்றார். அது நேர்மையான மறுப்பு. ஆகவே ஐந்தாங்காலை எழுவரையும் சிறையிலிருந்து வரவழைத்து விலங்கோடு பாறைமேல் வரிசையாக நிறுத்தினேன். அவரையும் அவ்வரிசையில் நிற்கச் செய்தேன். மஞ்சில் எட்டு உருவங்கள் எழுந்தன. எழுவரில் ஒருவன் நடுங்கி விழப்போனான். வரிசைக்குப் பின்னே என்னோடு நின்ற மருதி ஓடி அவன் தோளைப் பற்றிக்கொண்டாள். வளையம் எந்த உருவத்திற்கு உள்ளதோ அதற்குரியவன் தலையைத் தொட்டுக் காட்டுக என்றேன். எட்டுப் பேரும் தத்தம் தலையைத் தொட்டனர். எதிரே எட்டுப் பேருருவங்களும் கையுயர்த்தித் தம் தலையைத் தொட்டன. விலங்குச் சங்கிலிகளின் நிழல்கள் மஞ்சில் பெருங்கொடிகளாகத் தொங்கின. தண்டநாயகர் தம் தலையில் வைத்த கையை எடுக்காமலே நெடுநேரம் நின்றார். பிறகு, "சாவியை எடுத்துட்டு வாங்கடா" என்றார்.

ஓடியது ஓடியதே என்னும் அவர் சொல்லை நான் தள்ளவில்லை. எழுவரும் ஓராண்டு மதில்வேலை செய்யட்டும், அது சட்டம். வஞ்சகம் என்று நாம் கொண்டதற்கு அவர்கள் சொல்லின் முரண் அன்றி வேறு சான்று இருந்ததில்லை; அம்முரணோ அவர்கள் உண்மை கூறியதன் அடையாளம். எவ்வளவு துணிவுள்ளவனையும் இம்மலை என்ன செய்யும் என்று அறியாமல் அனுப்பியவர் நாம். இனிமேல் கூகைப்பாறைக்கு வரும் புதுக்காவலன் எவனையும், பழகியவர் இருவர் நடுவே நிறுத்தி இவ்வுருவத்தைக் காட்டிய பின்பே காவலில் விடவேண்டும் என்று தேவியார் பெயரால் ஆணையிட்டிருக்கிறேன். வேட்டனைத் தேடி இரு குதிரைவீரர் சென்றுள்ளனர்.

தேவியாரின் மறுமொழி வரும்வரை விடியற்காவலை நானே நிற்கிறேன். அது என் நிழல் என்று இப்போது நன்றாக அறிவேன். ஆயினும் ஒவ்வொரு காலையும் அது எழும்போது, நெடுங்காலம் காத்திருந்த ஒருவர்முன் மிகவும் தாமதித்து வந்து நிற்பதுபோலவே எனக்கு இருக்கிறது. கையை உயர்த்த இப்போது மனம் வருவதில்லை.

இறுதியாக ஒன்று. பூதன் கொல்லப்பட்ட இடத்தில், பொய்யுரைத்துக் காவல் திறந்தவன் இவன் என்று எழுதிய கல்லொன்றை நான் நடச்செய்திருந்தேன். அது ஊருணிக்குச் செல்லும் வழியில் உள்ளது. மருதி இரண்டாண்டாக அதைக் காணாதிருக்க மலைச்சரிவைச் சுற்றிக்கொண்டு நீர் எடுத்து வந்திருக்கிறாள். கல்தச்சனிடம் உளி வாங்கி அவ்வெழுத்துகளை நானே கொத்தி நீக்கினேன். இரண்டு பகல்கள் ஆயின. ஊரார் நின்று பார்த்தனர். அவ்விடத்தில் என்ன எழுதவேண்டும், சொல், அரசியின் முத்திரையோடு எழுதுவிக்கிறேன் என்று அவளிடம் கேட்டேன். அவள் கொத்திய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். "இதுவரைக்கும் நீங்களேதான் எழுதினீங்க ஐயா. இப்ப ஒண்ணும் எழுதாதீங்க. எனக்குத் தோணுறப்ப நான் சொல்றேன்" என்றாள்.

ஆகையால் தேவியார் உறுதிசெய்யுமாறு வேண்டி, இவ்வாணையை இன்றே ஊர்மன்றில் படிக்கச் செய்தேன்: எயினன் பூதனின் கல்லில், மருதி தன் வாயால் சொல்லும்வரை, அமைச்சரோ தண்டநாயகரோ பின்வரும் அரசரோ எவரும் ஓரெழுத்தும் பொறிக்கலாகாது, அவள் சொல்லாமலே மறைந்தால், அக்கல் வெறுங்கல்லாகவே நிற்க.

இது மெய். மேற்கு மலைப் பாசறையில், பங்குனி வளர்பிறைப் பன்னிரண்டாம் நாள், ஏரூர் வெண்கோடன் முத்திரை.