தினம் இரண்டு பாக்கெட்

அன்புள்ள லுலியே,

நீயும் மகளும் சுகம்தானே? உன் மூட்டுவலி குறைந்ததா? போனில் சொன்னால் திட்டுவாய் என்று எழுதுகிறேன். டாக்டரம்மாவிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

போன மாதம் நுரையீரல் புற்றுநோய் என்று சொன்ன அன்றே, "சிகரெட் உண்டா?" என்று கேட்டார். பக்கத்துக் கட்டிலில் நம் கோர்ச்சா ஊர்க்காரர் பெத்ரித் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் ஆம்பிளையாகத் தெரியவேண்டாமா? "தினம் ரெண்டு பாக்கெட்" என்றேன் கம்பீரமாக. கல்யாண வீட்டில் தட்டில் நீட்டும் சிகரெட்டைக் காதில் செருகிவந்து உன் அப்பாவிடம் கொடுப்பவன் நான். உனக்குத் தெரியாததா?

நேற்று டாக்டரம்மா என் விரல்களைப் பார்த்தார். "கறையே இல்லையே. உண்மையைச் சொல்லுங்க. உங்க வகைப் புற்றுநோய்ல, இங்க புகைக்காதவங்களுக்குத்தான் முதல்ல மரபணு சோதனை செய்வோம். அதுல மரபணு மாற்றம் தெரிஞ்சா ஊசிக்குப் பதிலா மாத்திரை."

உண்மையைக் கக்கினேன். பெத்ரித் சிரித்தார். "யோவ் நஸ்மி, ஊதாமலே இங்க வந்து படுத்த ஒரே முட்டாள் நீதான்யா!"

ஒரு மாதம் வீண். இப்போது சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். "மாத்திரை கேட்குமா?" என்றேன். "இங்க பதினோரு பேருக்குக் கொடுத்தோம். நாலு பேர் ரெண்டு வருஷமா வேலைக்குப் போறாங்க" என்றார்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. போன் பேசும்போது பாத்திரம் கழுவிக்கொண்டே பேசு, நம் வீட்டுச் சத்தம் கேட்கட்டும். கடிதம் கொண்டுபோகும் பஸ்காரர் அவசரப்படுத்துகிறார்.

உன் நஸ்மி

பி.கு.: மற்ற ஏழு பேர் என்ன ஆனார்கள் என்று டாக்டரம்மாவிடம் நான் கேட்கவில்லை.