பின்பக்கம் வெள்ளையாக இருந்த தாள்கள்

அக்கா,

இன்று மதியம் ஜெராக்ஸ் மெஷினில் தாள் சிக்கிக்கொண்டது. பக்கத்து மூடியைத் திறந்து, உள்ளே மடங்கிக் கிடந்ததை இழுத்தேன். பாதி எழுத்து விழுந்த, சூடான தாள். தீய்ந்த மை வாசனை. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெள்ளை. என் கை தானாக மேசைக்குக் கீழே போனது, உங்களுக்காக எடுத்துவைக்கும் அட்டைப்பெட்டியைத் தேடி. பெட்டி இல்லை. இது சிம்மக்கல் கடை. வில்லாபுரம் கடையில் எனக்கு இப்போது வேலை இல்லை. ஏன் இல்லை என்பது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

நீங்கள் முதலில் கடைக்கு வந்தது அரையாண்டுப் பரீட்சை நேரம். கெட்டுப்போன ஒரு ஆதார் காப்பியை நான் கிழிக்கப் போனேன். அடையாள அட்டைக் காப்பி எது கெட்டாலும் நாலாகக் கிழித்துத்தான் கூடையில் போட வேண்டும் என்பது கடை அண்ணனின் கண்டிப்பான சட்டம். எங்கேயோ ஒரு கடையில் அப்படிப்பட்ட தாளைப் பொறுக்கி யாரோ சிம் கார்டு வாங்கி, போலீஸ் வந்துவிட்டதாம்.

“ஏ புள்ள, கிழிக்காத. பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கு?”

“அண்ணே திட்டுவாருக்கா.”

“எனக்குக் குடு. புதுத் தாளப் பாத்தாலே எனக்குப் பயம். தப்பா எழுதிருவோமோன்னு கையே ஓடாது. இது ஏற்கெனவே கெட்டுப்போன தாளு. இதுல நான் என்ன தப்பு பண்ணா யாரு கேக்கப் போறா?”

அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. வகுப்பில் என் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பேன்; குரல் வராது. பத்தாவது படிக்கும்போது அப்பா சாரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டார், நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். எல்லாரும் பாவம் என்றார்கள். இனிமேல் எழுந்து நிற்க வேண்டாம் என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அண்ணனுக்குத் தெரியாமல் தாள்களைச் சேர்த்தேன். ரேஷன் கார்டு, கேள்வித்தாள், கபடி நோட்டீஸ், ஹால் டிக்கெட். அவற்றின் பின்பக்கத்தில் நீங்கள் பென்சிலால் பிரபஞ்சத்தைக் கணக்குப் போட்டீர்கள்.

நீங்கள் யார் என்பதே உங்கள் பயோடேட்டாவைக் காப்பி எடுத்த அன்றுதான் தெரிந்தது. மெஷின் ஓடும்போதே எழுத்துக் கூட்டினேன். பசுமலைக் கல்லூரியில் பி.எஸ்சி., வடக்கே டாக்டர் பட்டம், ஜெர்மனியில் மூன்று வருடம், ஜப்பானில் இரண்டு, பிறகு இங்கே ஒரு ஆராய்ச்சி நிறுவனம். அதற்குப் பிறகு எந்த வரியும் இல்லை. அம்மா நடக்க முடியாமல் போனதும் வேலையை விட்டு வந்துவிட்டீர்கள்.

“ஆபீஸ் இல்லாம எப்பிடிக்கா வேலை பாப்பீங்க?”

“பென்சிலு, தாளு. எங்க வேலைக்கு அம்புட்டுதான். ரப்பர் மட்டும் கொஞ்சம் கூடுதலா வேணும்.”

அப்படி என்னதான் கணக்கு என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். ஒன்றுமே இல்லாத வெற்றிடத்துக்கும் ஒரு நிலை உண்டு என்றீர்கள். பசுமலைச் சரிவில் உருண்டு வந்த பந்து பாதி வழியில் ஒரு குழியில் நிற்பதுபோல நம்முடைய பிரபஞ்சம் நிற்கலாம். அடிவாரம் இன்னும் கீழே இருக்கலாம். என்றைக்காவது பந்து குழியைத் தாண்டிவிட்டால் எல்லாம் போய்விடும்.

“வரும்போது தெரியுமாக்கா?”

“தெரியாது. வெளிச்சம் வர்ற வேகத்துல வரும். ஐயோன்னு சொல்லக்கூட நேரம் இருக்காது.”

அதற்கப்புறம் பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனியாபுரம் பஸ் பிரேக் போட்டால்கூட அதுதானோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். உங்களிடம் சொன்னதும் உங்கள் முகம் வாடிவிட்டது. “மன்னிச்சுக்க புள்ள. எனக்கும் பயந்தான். ஒரு எடத்துல கூட்டலா கழித்தலான்னு நிக்குது. கூட்டல்னா பந்து நிக்கும். கழித்தல்னா ஒருநாள் உருளும். அத முடிக்கத்தான் பாக்குறேன்.”

தாள்களுக்கு நீங்கள் எண் போடுவதில்லை. “நம்பர் போட்டா முடிஞ்ச மாதிரி ஆயிரும்” என்பீர்கள். ஒருநாள் கட்டு சரிந்து கடை முழுக்கப் பறந்தது. நான் பொறுக்கி வரிசையாக அடுக்கிக் கொடுத்ததும் திகைத்துப் போனீர்கள். மெஷினுக்குள் உருளும் டிரம்மில் ஒரு கீறல் இருந்தது. அதனால் ஒவ்வொரு காப்பியின் ஓரத்திலும் ஒரு கறுப்புக் கோடு விழும். கீறல் பெரிதாகப் பெரிதாகக் கோடும் தடிக்கும். மெல்லிய கோடு பழைய தாள், தடித்த கோடு புதிய தாள். வாங்கிய தாளில் நீங்கள் அன்றன்றே எழுதிவிடுவீர்கள். எனக்கு அது சாதாரணம்.

“அடிப்பாவி, நாங்களும் இதத்தான பண்றோம்! பழைய வெளிச்சத்துல இருக்க கறைய வச்சு, எது முந்தி எது பிந்தின்னு பாக்குறோம்” என்று நீங்கள் சத்தமாகச் சிரித்தது தெருவுக்கே கேட்டது.

வைகாசியில் ஒரு காலை. உங்கள் தம்பி வந்தார். செல்போனில் உங்கள் படத்தைக் காட்டி, “இத ஏ ஃபோர்ல பிரிண்ட் போட்டு லேமினேஷன் பண்ணும்மா. கீழ கண்ணீர் அஞ்சலின்னு வரணும்” என்றார். முந்தின நாள் தலைவலி என்று எழுந்த நீங்கள் குளியலறை வாசலில் விழுந்தீர்களாம். தலையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். சூடான உருளைக்குள் உங்கள் முகம் போய் மறுபக்கம் பளபளவென்று வந்தது. முன்கூட்டித் தெரியாமல் வருவது என்று நீங்கள் சொன்னது இதைத்தானோ என்று நினைத்துக்கொண்டே ஓரத்தை வெட்டினேன்.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி ஒரு சாரை அழைத்து வந்தார். வெளியூரிலிருந்து மெயிலில் உங்களோடு சேர்ந்து கணக்குப் போட்டவர். கையில் உங்கள் தாள்கட்டு. மேசையை நகர்த்தியபோது கொட்டிவிட்டதாம்.

“பென்சில் பக்கம் மட்டும் காப்பி போடும்மா” என்றவர் தம்பியிடம் சொன்னார்: “ஒரு தாள்ல கூட்டல்னு முடிச்சிருக்காங்க, ஒரு தாள்ல கழித்தல். கடைசியா எத நம்பினாங்கன்னே தெரியல. இந்த வரிசை தெரியலன்னா ரெண்டு வருஷ வேலையும் வீண்.”

எனக்குத் தெரியும். திருப்பி ஓரக் கோட்டைப் பார்த்தால் போதும். ஆனால் திருப்பினால் ஊர்க்காரர்களின் ஆதார் அத்தனையும் வெளியே வரும். அண்ணன் இரண்டடி தள்ளி நின்று பைண்டிங் போட்டுக்கொண்டிருந்தார். ஆதார் பக்கம் அவருக்குத் தெரியாமல் கையால் மறைத்து, ஒவ்வொரு தாளாக மெஷின் கண்ணாடியில் கவிழ்த்தேன். போலீஸ், வேலை, படுத்திருக்கும் அப்பா எல்லாம் கண்முன் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. காப்பிகளையும் தாள்கட்டையும் அடுக்கிக் கொடுத்தேன். சார் வாங்கிக்கொண்டு படி இறங்கி ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டார்.

“சார்.”

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. வகுப்பில் ஒருநாளும் வராத குரல்.

“சார், எனக்கு வரிசை தெரியும்.”

தாள்கட்டைத் திரும்ப வாங்கி, லேமினேஷன் மேசையில் எல்லாவற்றையும் திருப்பிப் பரப்பினேன். முடிபோன்ற கோட்டிலிருந்து விரல் அகலக் கோடுவரை ஒவ்வொன்றாக அடுக்கினேன். சார் குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். கூட்டல் முந்தி. கழித்தல் பிந்தி. ஆனால் எல்லாவற்றிலும் தடித்த கோடு விழுந்த தாளில், கழித்தலைச் சுற்றி நீங்கள் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தீர்கள்: ‘பயப்படாம இன்னொரு தடவ பாரு.’

“அப்ப அவங்க முடிக்கல” என்றார் சார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாங்க பாக்குறோம்.”

அண்ணன் பின்னால் நின்றிருந்தார். “நீதான் குடுத்தியா?”

“ஆமாண்ணே.”

“எத்தன மாசமா?”

“அரையாண்டுப் பரீட்சைலருந்துண்ணே.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஒரு கறுப்புப் பேனாவை எடுத்து நீட்டினார். “மொதல்ல அம்புட்டு கார்டு நம்பரையும் அடி. ஸ்கெட்ச் வேணாம், அந்தம்மா எழுத்துல ஊறிரும்.” நான் அடித்து முடிக்கும்வரை சாரும் தம்பியும் காத்திருந்தார்கள். அவர்கள் போன பிறகு அண்ணன் சொன்னார்: “நாளையிலருந்து வர வேணாம் தாயி. ஊர்ச்சனம் என்னை நம்பித்தான் கார்ட நீட்டுது.”

அவர் சொன்னது சரிதான் அக்கா. இந்தக் கடையில் கெட்டுப்போன அடையாளக் காப்பியை யாரும் சொல்லாமலே நாலாகக் கிழிக்கிறேன்.

சாரிடமிருந்து இதுவரை ஒரு தகவலும் இல்லை. கூட்டலா கழித்தலா என்பது தெரியாமலே தினமும் சிம்மக்கல் பஸ்ஸில் ஏறுகிறேன். பிரேக் போட்டால் இன்னமும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்போதெல்லாம் நீங்கள் உங்களுக்கே எழுதிக்கொண்ட அந்த வரியைச் சொல்லிக்கொள்கிறேன். பயம் போவதில்லை. ஆனால் ஜன்னல் வழியாக இன்னொரு தடவை பார்க்க முடிகிறது. வைகைப் பாலம் அங்கேயேதான் இருக்கிறது.

இதைப் புதுத் தாளில் எழுதுகிறேன் அக்கா, இரண்டு பக்கமும் வெள்ளையான தாளில். நாலு இடத்தில் தப்பு; அடித்துவிட்டு மேலே எழுதுகிறேன். கொட்டினால் யாரும் தடுமாறக் கூடாது என்று ஒன்று, இரண்டு, மூன்று என்று மேலே எண் போட்டிருக்கிறேன்.

இந்தக் கடைசித் தாளுக்கு மட்டும் இன்னும் போடவில்லை.